மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வை

தமிழ்நாடு அரசில் ஒரு துறையின் பெயர், உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. குடிக்காதே என்பதும் குடித்தால் வரி கட்டு என்பதும் ஒரே பெயர்ப்பலகையில்! அரசின் மது விற்பனை நிறுவனமான டாஸ்மாக்கும் இந்தத் துறையின் கீழேதான்.

இந்த முடிச்சு விழுந்த இடம் சேலம். 1937 அக்டோபர் 1-ஆம் தேதி, சென்னை மாகாண ஆட்சிப் பொறுப்பில் இருந்த ராஜாஜி அந்த மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். கள்ளுக்கடை, சாராயக்கடைப் பணம் நின்றது. கஜானாவில் விழுந்த பள்ளத்தை அடைக்க 1939-ல் விற்பனை வரி வந்தது. அந்த வரியின் வாரிசில் பெரும்பகுதி 2017-ல் ஜிஎஸ்டியில் கரைந்துவிட்டது. மாநிலம் தன் விருப்பப்படி ஏற்றி இறக்க மிஞ்சியவற்றில் பெரியவை பெட்ரோல், டீசல், மது. மதுவுக்கு மாற்றாக வந்த வரி கைமாறிப் போக, பின்னாளில் திரும்பி வந்த மதுவோ கோட்டையிலேயே தங்கிவிட்டது. ராஜாஜி இருந்திருந்தால் சிரித்திருப்பாரா, சபித்திருப்பாரா?

2003-ல் சில்லறை விற்பனையையும் அரசே எடுத்துக்கொண்ட பிறகு, கடைகளை மூடுவது தேர்தல் வாக்குறுதியாகிவிட்டது. 2023 ஜூன் 22 அன்று 500 கடைகள் மூடப்பட்டன. அதற்கு முந்தைய நிதியாண்டில் வருவாய் சுமார் 44,121 கோடி ரூபாய். கடைகள் குறைந்த 2023-24-ல் சுமார் 45,855 கோடி. குடித்தவர்கள் இன்னும் நாலு தெரு சேர்த்து நடந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அதற்காக ஒரேயடியாக மூடிவிடலாமா? மூடினால் கள்ளச்சாராயம் ஓடும் என்பது அரசின் வழக்கமான பதில். ஆனால் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது டாஸ்மாக் திறந்துதான் இருந்தது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு குவார்ட்டர் விலை கட்டுபடியாகவில்லை, பாக்கெட் சாராயம் மலிவு. விலையை ஏற்றினால் குடி குறையும் என்கிறது சுகாதாரக் கணக்கு. வருவாய் கூடும் என்கிறது நிதிக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் கருணாபுரத்துக்காரர் பாக்கெட்டைத் தேடிப் போகிறார். அந்த பாக்கெட்டைத் தடுக்க வேண்டிய மதுவிலக்குப் போலீஸ் இருப்பதும் அதே துறையில்தான்.

முழு மதுவிலக்கு நாளைக்கே வராது என்பது எல்லோருக்கும் தெரியும். அதுவரை ஒன்று செய்யலாம். மதுவால் வந்த வருவாயைச் சட்டமன்றத்தில் சொல்லும்போது, குடிநோய் சிகிச்சைக்குச் செலவான தொகையையும் அதே பக்கத்தில், அடுத்த வரியிலேயே அச்சிடட்டும்.