அவன் ஏமாறவில்லை, திருடினார்கள்

ராத்திரி ஒன்றே முக்காலுக்கு என் சித்தி பையன் போன் செய்தான். அந்த நேரத்தில் போன் வந்தால் ஊரில் யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்றுதான் அர்த்தம். நான் பயந்துகொண்டே எடுத்தேன். அவன் அழவில்லை, பதறவும் இல்லை. "எல்லாம் போச்சிண்ணா. நாலு நிமிஷத்துல போச்சி. நான் ஏமாந்துட்டேன்" என்றான்.

அவன் கடலூர் சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். வீடு திருப்பாதிரிப்புலியூரில். (ஊர்ப் பெயரை இப்படி முழுசாகச் சொன்னால் பஸ் கண்டக்டர் ஒரு மாதிரி பார்ப்பார், அங்கே அது திருப்பாப்புலியூர்.) மூன்று வருஷமாக மாசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து கிரிப்டோ வாங்கி, போனில் ஒரு வாலட்டில் வைத்திருந்தான். அன்றைக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் சிக்கிக்கொண்டது. டெலிகிராம் குழு ஒன்றில் சந்தேகம் கேட்டான். உதவி மையம் என்று சொல்லிக்கொண்டு ஒருத்தன் தனியாக வந்தான், மரியாதையாகப் பேசினான், ஒரு லிங்க் கொடுத்தான். அதில் வாலட்டின் சீட் ஃப்ரேஸ், அதாவது அந்தப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தைகளை, தம்பி அடித்தான். அவ்வளவுதான்.

விஷயம் வெளியே தெரிந்ததும் ஊர் பேசியது. லாரன்ஸ் ரோட்டில் டீ குடிக்கும்போது அவனுக்குத் தெரிந்தவர் ஒருத்தர், "அப்பர் கல்லைக் கட்டிப் போட்டும் இந்த ஊர்ல கரையேறுனாரு. உன் காசு கரையேறுமாடா?" என்று கேட்டாராம். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தம்பியும் சிரித்திருக்கிறான். கரையேறவிட்ட குப்பம் பக்கத்தில்தான் இருக்கிறது, அந்தக் கதை தெரியாதவர்கள் அங்கே கிடையாது. நக்கல் நல்ல நக்கல்தான், ஒத்துக்கொள்கிறேன். அதற்கப்புறம் அவன் அந்த டீக்கடைக்குப் போவதில்லை.

இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்போடு சண்டை போடுவதற்காக எழுதுவது.

முதலில் ஒரு சொல். ‘ஏமாந்தான்’. இந்த வாக்கியத்தில் எழுவாய் யார் என்று பாருங்கள். பணத்தைப் பறிகொடுத்தவன். திருடன் வாக்கியத்துக்குள்ளேயே இல்லை. வீட்டுக் கொல்லைக் கதவை நெம்பி உள்ளே வந்து பீரோவை உடைத்தால் ‘திருடன் வந்துட்டான்’ என்கிறோம். சீட்டுப் பணத்தோடு ஒருத்தர் தலைமறைவானால்கூட ‘சீட்டுக்காரன் ஓடிட்டான்’ என்கிறோம், ஓடினவன்தான் எழுவாய். கிரிப்டோவில் பணம் போனால் மட்டும் போனவன் ஏமாந்தவன், பேராசைக்காரன், படித்த முட்டாள். அதே வார்த்தையைத்தான் தம்பியும் ராத்திரி ஒன்றே முக்காலுக்குத் தன்னைப் பற்றிச் சொன்னான். ஊர் சிரிப்பதற்கு முன்பே அவன் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டான்.

நான் கிரிப்டோ ரசிகன் இல்லை. என்னிடம் ஒரு காயினும் கிடையாது, யாரையும் வாங்கச் சொல்லவும் மாட்டேன். அதில் பாதிக்கு மேல் சூதாட்டம் என்பதே என் எண்ணம். ஆனால் சூதாடப் போனவன் பாக்கெட்டை அடித்தால் அது பிக்பாக்கெட் இல்லை என்று ஆகிவிடுமா? நம் இலக்கிய நண்பர்களும் இதில் ஊரோடுதான் சேர்ந்துகொள்கிறார்கள். சொந்தக் காசில் கவிதைத் தொகுப்பு போட்டு ஐம்பதாயிரம் விட்டால் அது தியாகம். சிப்காட் தொழிலாளி அதே ஐம்பதாயிரத்தைத் திருட்டுக் கொடுத்தால் அது நவீன நுகர்வு மனத்தின் வீழ்ச்சி. போதும், விடுங்கள்.

சிரிப்பவர்கள் ஒரு பக்கம் என்றால், உபதேசிகள் இன்னொரு பக்கம். இவர்கள் கிரிப்டோ பக்தர்கள். இவர்களுக்கு ஒரு மந்திரம் உண்டு: சாவி உன்னிடம் இல்லையென்றால் காசும் உன்னுடையது இல்லை. எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தவன் பணம் போனால், ‘சொந்த வாலட்டில் வைத்திருக்கணும்’ என்பார்கள். சொந்த வாலட்டில் வைத்திருந்த என் தம்பி மாதிரி ஆளுக்குப் போனால், ‘சாவியைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு எதுக்கு வாலட்டு’ என்பார்கள். எந்தப் பக்கம் விழுந்தாலும் தப்பு விழுந்தவன் மேல்தான்.

சரி, சாவியைக் காப்பாற்றத் தெரிந்தவர்களின் கதையைப் பார்ப்போம்.

2024 ஜூலை 18. இந்தியாவின் பெரிய எக்ஸ்சேஞ்சுகளில் ஒன்றான வாஸிர்எக்ஸின் வாலட் ஒன்றிலிருந்து சுமார் 23 கோடி டாலர், ஏறக்குறைய 2000 கோடி ரூபாய், போனது. வாடிக்கையாளர்கள் அங்கே வைத்திருந்ததில் கிட்டத்தட்ட பாதி. அது சாதாரண வாலட் இல்லை, பல பேர் கையெழுத்துப் போட்டால்தான் திறக்கும் வாலட். கம்பெனி ஆட்கள் மூன்று பேர் கையெழுத்திட வேண்டும், அதன்மேல் லிமினல் என்ற பாதுகாப்பு நிறுவனமும் ஒப்புதல் தர வேண்டும். தனிக் கருவியில் சாவி, அனுமதித்த முகவரிப் பட்டியல், எல்லாம் இருந்தது. திரையில் ஒன்று தெரிந்தது, கையெழுத்து விழுந்தது வேறொன்றில் என்றது எக்ஸ்சேஞ்ச். அந்தக் கையெழுத்தோடு வாலட்டின் கட்டுப்பாடே திருடன் கைக்கு மாறிவிட்டது. பிறகு எக்ஸ்சேஞ்சும் பாதுகாப்பு நிறுவனமும் ஒருவரை ஒருவர் கை காட்டினார்கள். 2025 ஜனவரியில் அமெரிக்கா, ஜப்பான், தென்கொரியா மூன்றும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கை இதை வடகொரியாவின் வேலை என்றது.

அடுத்த மாசமே, பிப்ரவரி 21 அன்று, பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் போனது. அங்கேயும் இதே வித்தை: திரை காட்டியது ஒன்று, கையெழுத்து விழுந்தது இன்னொன்றில். கையெழுத்துப் போட்டவர்களில் கம்பெனியின் தலைவரும் ஒருவர்.

ஒரு நாட்டு அரசாங்கமே ஆள் வைத்துத் திருடுகிறது. அதைத் தடுக்கச் சம்பளம் வாங்கும் நிபுணர்களே பொய்த்திரையை நம்பிக் கையெழுத்துப் போடுகிறார்கள். அவர்களை யாரும் ‘ஏமாளி’ என்று டீக்கடையில் கூப்பிடுவதில்லை. அவர்களுக்கு நடந்தது ‘அதிநவீன சைபர் தாக்குதல்’. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து வந்து, தூக்கக் கலக்கத்தில் பொய்த்திரையை நம்பினவனுக்கு நடந்தது மட்டும் முட்டாள்தனம். ரெண்டும் ஒரே திருட்டு. அளவுதான் வேறு.

இப்போது அரசாங்கத்துக்கு வருகிறேன், என் கோபம் அதிகமும் அங்கேதான்.

2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. அதே வருஷம் ஜூலையிலிருந்து ஒவ்வொரு விற்பனையிலும் 1 சதவீதம் டிடிஎஸ் பிடித்தம். ஒரு காயினில் நஷ்டம் வந்தால் இன்னொரு காயினின் லாபத்தில்கூட அதைக் கழிக்க முடியாது. வாங்குகிறவன், விற்கிறவன், எக்ஸ்சேஞ்ச், பான் எண், எல்லாம் வருமான வரித் துறைக்குத் தெரியும். வரிச் சட்டம் இதற்கு வைத்திருக்கும் பெயரே ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’. சொத்து! வரி வாங்கும்போது சொத்து. திருடு போகும்போது?

வங்கியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கி மூழ்கினால் 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட்டுக்குக் காப்பீடு இருக்கிறது. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கைப்படி, உங்கள் தப்பும் வங்கியின் தப்பும் இல்லாமல் மூன்றாம் ஆள் கணக்கில் கைவைத்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்களுக்கு நஷ்டமே கிடையாது. நீங்களே பாஸ்வேர்டைச் சொல்லித் தொலைத்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன நிமிஷத்துக்குப் பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. இது கருணை இல்லை, விதி. தப்பு செய்த வாடிக்கையாளனுக்கும் ஒரு எல்லைக்கு அப்பால் நஷ்டம் வரக்கூடாது என்று யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

கிரிப்டோவில் எல்லாம் முதலாளியின் மனசைப் பொறுத்தது. 2025 ஜூலையில் காயின்டிசிஎக்ஸிலிருந்து 4.4 கோடி டாலர் போனபோது, நஷ்டத்தைக் கம்பெனியே ஏற்கும் என்றார்கள். நல்ல விஷயம். ஆனால் ஏற்க மாட்டோம் என்று சொல்லியிருந்தால்? வாஸிர்எக்ஸில் நடந்தது அதுதான். திருட்டு நடந்த பத்து நாளைக்குள் ஒரு திட்டத்தை நீட்டினார்கள்: போனதை எல்லார் தலையிலும் பங்கு போடுவது, சொத்தில் 55 சதவீதத்தைத் தொடலாம், 45 சதவீதம் முடக்கம். திருடன் கைவைக்காத காயினை வைத்திருந்தவர்களும் இதில் அடக்கம். எதிர்ப்பு கிளம்பியது. பிறகு விவகாரம் சிங்கப்பூர் நீதிமன்றத்துக்குப் போனது. சொந்த ஊரில் உட்கார்ந்து, ரூபாயில் பணம் போட்டவர்களுக்குத் தங்கள் காசின் தலைவிதி சிங்கப்பூரில் எழுதப்படுகிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. எக்ஸ்சேஞ்ச் மறுபடி திறந்தது 2025 அக்டோபர் 24. பதினைந்து மாசம்.

மறுநாள், அக்டோபர் 25, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் ஒரு தீர்ப்பு கொடுத்தார். வழக்குப் போட்டவர் அதே எக்ஸ்சேஞ்சில் 2024 ஜனவரியில் 1,98,516 ரூபாய்க்கு 3532 சொச்சம் எக்ஸ்ஆர்பி காயின் வாங்கியிருந்த ஒரு பெண். திருடு போனது எத்தீரியம் வகைக் காயின்கள், அவருடையது அதில்லை. ஆனாலும் கணக்கு முடங்கிப்போனது. நீதிபதி சொன்னதன் சாரம்: கிரிப்டோ கையில் தொட்டுப் பார்க்கும் பொருள் இல்லை, நாணயமும் இல்லை, ஆனால் அது சொத்து. ஒருவர் அனுபவிக்கவும் வைத்திருக்கவும் முடிந்தது, இன்னொருவர் அவருக்காக நம்பிக்கைப் பொறுப்பில் வைத்திருக்கவும் முடிந்தது. அடுத்தவர் நஷ்டத்தை அந்தப் பெண் தலையில் கட்டுவதை ஏற்காமல் இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். ரெண்டு லட்சம்கூட இல்லாத ஒரு கணக்குக்காக ஒரு பெண் நீதிமன்றம் வரை போனதால் நமக்கு இந்தத் தீர்ப்பு கிடைத்தது. பார்லிமெண்டில் வரி போட நேரம் இருந்தவர்களால் இந்த ஒரு வரியைச் சட்டத்தில் எழுத முடியவில்லை.

1906 அக்டோபரில் மெட்ராஸில் அர்பத்நாட் கம்பெனி திவாலானது. எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு போனது. அதன் முதலாளி சர் ஜார்ஜ் அர்பத்நாட் வெள்ளைக்காரர், பெரிய மனிதர். அவருக்கே 18 மாசம் கடுங்காவல். அந்த அடியிலிருந்து எழுந்ததுதான் அடுத்த வருஷம் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் தொடங்கிய இந்தியன் வங்கி. வெள்ளைக்காரக் கம்பெனியை நம்பின ஏமாளிகள் என்று சிரித்துவிட்டுப் போயிருந்தால் அந்த வங்கி வந்திருக்காது.

இனி அந்த ராத்திரிக்குத் திரும்புகிறேன். இதைப் படிக்கிறவர்களில் யாராவது நாளைக்கு அதே இடத்தில் நிற்கலாம்.

சைபர் குற்றத்துக்கான 1930 எண்ணுக்கு முதலில் போன் போட்டோம். பணம் போன முகவரி, டிரான்ஸாக்‌ஷன் ஹாஷ், டெலிகிராம் பேச்சு, எல்லாவற்றையும் படம் பிடித்து வைத்தான். ஆத்திரத்தில் போனை ரீசெட் பண்ணப் போனான், தடுத்தேன்; அதில்தான் சாட்சி இருக்கிறது. அந்த வாலட் அதோடு செத்தது, அதில் இனி ஒரு பைசா போடக்கூடாது. வேறொரு எக்ஸ்சேஞ்சில் கொஞ்சம் இருந்தது. வேறு ஒரு போனிலிருந்து முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றினோம், பிறகு எக்ஸ்சேஞ்சின் பாஸ்வேர்டை. ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வருவதை நிறுத்தி ஆத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றினோம். திருடன் அனுப்பிய இடம் ஒரு எக்ஸ்சேஞ்சாக இருந்தால், அல்லது கைமாறியது யுஎஸ்டிடி மாதிரியான காயினாக இருந்தால், போலீஸ் வழியாகக் கேட்டு முடக்க வாய்ப்பு உண்டு. நேரம் போகப் போக அந்த வாய்ப்பு கரையும்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பன்னிரண்டு வார்த்தைகளையும் பேப்பரில் எழுதி, அதைப் போட்டோ எடுத்து கேலரியில் வைத்திருந்தான். போட்டோக்களில் இருக்கும் எழுத்துகளைப் படித்து சீட் ஃப்ரேஸ் தேடும் ஆப்கள் கூகுள் பிளேயிலும் ஆப்பிள் கடையிலுமே இருந்ததை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி கண்டுபிடித்துச் சொன்னது. அந்த வார்த்தைகள் பேப்பரில் மட்டும் இருக்கட்டும். எந்த உதவி மையமும் அதைக் கேட்காது, கேட்டால் அவன் திருடன். பாருங்கள், நானும் உபதேசிதான். ஆனால் இதைத் திருடு போவதற்கு முந்தின நாள் சொல்ல வேண்டும். மறுநாள் சொன்னால் அது குத்திக்காட்டுதல்.

மூன்றாம் நாள் இரண்டாவது திருடன் வந்தான். போன பணத்தை மீட்டுத் தரும் நிபுணராம். முன்பணமாக எட்டாயிரம் கேட்டான். தம்பி அனுப்பத் தயாராக இருந்தான், நல்ல வேளை என்னைக் கேட்டான். அந்த நிபுணனின் பிழைப்பே வெட்கத்தில்தான் ஓடுகிறது. வீட்டில் சொல்ல முடியாதவன், போலீஸுக்குப் போகக் கூசுகிறவன், டீக்கடையில் சிரிப்பு வாங்கினவன், அவன்தான் ராத்திரியில் தனியாக உட்கார்ந்து ‘ரகசியமாக மீட்டுத் தருகிறேன்’ என்பவனை நம்புவான். சிரித்தவர்கள் கொஞ்சம் யோசிக்கட்டும்.

சித்தியிடம் சொல்ல ஒரு வாரம் ஆனது. அவர் திட்டவில்லை. "உடம்புக்கு ஒண்ணுமில்லல்ல?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அவன் அழுதான்.

எழுத்துப் புகார் கொடுக்க அவனோடு நானும் போனேன். மூன்று தடவை எழுதிக் கிழித்திருந்தான். மூன்றிலும் ‘நான் ஏமாந்துவிட்டேன்’ என்றுதான் ஆரம்பம். நாலாவதை நான் சொல்லச் சொல்ல எழுதினான். அலுவலகத்தில் இருந்தவர் பேப்பரைப் பார்க்காமலே கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, "எவ்ளோ ஏமாந்த?" என்றார்.

"ஏமாறல சார். திருடிட்டாங்க" என்றான் தம்பி.

அவர் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பேப்பரைக் கையில் எடுத்தார். "சரி, எவ்ளோ?"

"ஒரு லட்சத்து நாப்பத்திரெண்டாயிரம் சார்."