சாமி தன்னைத் தானே காப்பாத்திக்கும்னு சொல்ற நிர்வாகங்களுக்கு

கொஞ்சம் நீளமான பதிவு. ஆலயப் பொறுப்பில் இருக்கிறவங்க கோபப்பட்டாலும் பரவாயில்லை, முழுசா படிச்சிட்டு கோபப்படுங்க.

வெளிநாட்டு அருங்காட்சியகத்திலிருந்து சாமி சிலை தமிழ்நாடு திரும்புதுன்னு செய்தி வந்தா, நம்ம புலனக் குழு முழுக்க "ஓம் நமசிவாய" தான். சந்தோஷம். ஆனா அந்தச் சாமி எப்படித் திரும்பி வந்துச்சுன்னு யாராவது கேட்டிருக்கோமா?

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். சோழர் காலச் சிவன் கோயில், பூட்டிக் கிடந்தது. 2006இல் உள்ளே இருந்த செப்புத் திருமேனிகளைத் திருடிட்டாங்க. 2008இல் அதிகாரிகள் சிலைகளைப் பாதுகாப்பு மையத்துக்கு மாற்ற வந்தப்பதான் திருட்டே வெளியே தெரிஞ்சது. அதுக்குள்ள நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர் அந்த நடராஜரை ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்துக்கு 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வித்தாச்சு. உமா பரமேஸ்வரி போன இடம் சிங்கப்பூர் ஆசிய நாகரிக அருங்காட்சியகம், 6,50,000 டாலர். ஜோகூர் பாலம் தாண்டினா போதும், அவ்வளவு பக்கத்துல!

நடராஜரை 1970 வாக்கில் சூடான் நாட்டுத் தூதரக அதிகாரி ஒருவர் டில்லியில் வாங்கினதா பத்திரம் காட்டினாங்க. இந்தியாவின் தொல்பொருள் சட்டம் 1972இல் வந்தது. அதுக்கு முன்னாலேயே வெளியே போனதா காட்டினா தப்பிச்சுக்கலாம். அதான் கணக்கு.

அந்தக் கணக்கை உடைச்சது ஒரு புகைப்படம். பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1950கள் முதல் ஊர் ஊரா போய் கோயில்களைப் படம் எடுத்து வச்சது. 1994இல் ஸ்ரீபுரந்தானில் எடுத்த படத்துல அதே நடராஜர்! 1970லேயே டில்லியில் வித்த சாமி 1994ல கிராமத்துல எப்படி நிக்கும்? சிங்கப்பூரில் கப்பல் துறையில் வேலை பார்த்த எஸ். விஜயகுமார் மாதிரி ஆட்கள் இப்படிப் படங்களை ஒப்பிட்டுத்தான் இந்திய, அமெரிக்க விசாரணைக்கு உதவினாங்க. மெழுகு வார்ப்புல அச்சை உடைச்சுத்தான் சிலையை எடுப்பாங்க. அதனால ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. 2014இல் நடராஜர் திரும்பினார், 2015இல் உமா. அனந்தமங்கலம் ராமர், சீதை, லட்சுமணர் 1978இல் திருடு போய், 1958ல எடுத்த படத்தால 2020இல் லண்டனிலிருந்து திரும்பினாங்க.

நிபுணர் எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும், ஒப்பிட ஒரு பழைய படம் வேணும். இப்ப நம்ம கதைக்கு வருவோம். கேரித் தீவு தோட்டக் கோயிலிலிருந்து கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும், எத்தனை ஆலயத்துல அப்படி ஒரு படம் இருக்கு?

கேட்டா மூணு பதில் வரும்.

"சாமி தன்னைக் காப்பாத்திக்கும்." ஸ்ரீபுரந்தான்லயும் சாமிதானே இருந்தது?

"நம்ம சிலை பழசில்லை, சுவாமிமலையில் புதுசா வார்த்தது." சோழர் சிலையும் ஒரு காலத்துல புதுசுதான் ஐயா. உபயக்காரர் வேர்வைக் காசுக்கு வயசு பார்க்கணுமா? தோட்டம் கைமாறி, கோயில் இடம் மாறும்போது எந்தச் சாமி எந்தக் கோயிலுக்குச் சொந்தம்னு எதை வச்சு நிரூபிப்பீங்க?

"படம் எடுக்கக் கூடாது." கருவறை மூலவரை விடுங்க, அது குருக்கள் முடிவு. உற்சவர் வீதி உலா வரும்போது ஆயிரம் கைபேசி படம் எடுக்குதே! ஆனா அந்தப் படத்துல தெரியுறது பட்டும் மாலையும்தான். போலீஸ் ரிப்போர்ட்டுக்கு அதைக் கொடுத்தா அவங்க மாலையைத்தான் தேடணும்.

செலவே இல்லாத வேலை இது. அலங்காரம் களைஞ்ச நேரத்துல குருக்களை வச்சே முன், பின், இரண்டு பக்கம், பீடம் எல்லாம் எடுங்க. பக்கத்துல ஒரு அளவுகோல் வைங்க. உயரம், எடை, கீறல், ஒட்டுப் போட்ட இடம், உபயக்காரர் பேரு, வருஷம் எழுதுங்க. மூணு நகல் எடுத்து, ஒண்ணை நிர்வாகத்துக்கு வெளியே இருக்கிற ஒருத்தர்கிட்ட கொடுங்க. கமிட்டி மாறினா கணக்குப் புத்தகமே காணாம போற ஊர் இது!

கும்பாபிஷேகத்துக்கு லட்சக்கணக்கில் வசூல் பண்ற நமக்கு ஒரு சாயங்காலம் ஒதுக்க முடியாதா? அடுத்த ஆண்டுக் கூட்டத்துல பக்தர்கள் எழுந்து "சிலைப் பதிவேடு எங்கே?"ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் உட்காராதீங்க.