மீண்ட பாதையும் மீளாத வண்டியும்

மேம்படுத்தித் தருவதாகச் சொல்லி அரசு மக்களிடமிருந்து ஒரு வசதியை வாங்கிக்கொள்ளுமானால், வாங்கியதைக் குறையாமல் திருப்பித் தரும் கடமையும் அந்தச் சொல்லோடு சேர்ந்தே பிறந்துவிடுகிறது. புதிதாக ஒன்றைத் தருவதற்கு நிதிநிலையைப் பார்க்கலாம், காலம் கேட்கலாம். மக்களிடம் முன்பே இருந்ததைத் திருப்பித் தரும்போது அதை அருட்கொடையாகக் காட்டுவதும், அரைகுறையாகத் தந்துவிட்டுக் கணக்கை முடித்துக்கொள்வதும் முறையாகா.

இந்த நெறியை உரக்கச் சொல்லவேண்டிய நிலையில் இருக்கிறது திருவாரூர்–காரைக்குடி இருப்புப்பாதை. அந்நாளைய தஞ்சை ஜில்லா போர்டு, நிலத்தின்மீது விதித்த கூடுதல் வரியைச் சேர்த்துவைத்து, மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) திருவாரூர், திருத்துறைப்பூண்டி வழியாக முத்துப்பேட்டை வரை 1894இல் வண்டி ஓடச் செய்தது. பின்னர் அப்பாதை பட்டுக்கோட்டையைக் கடந்து அறந்தாங்கிக்கும், விடுதலைக்குப் பின் காரைக்குடிக்கும் நீண்டது. வெள்ளத்தையும் வறட்சியையும் மாறிமாறிக் கண்ட ஒரு மாவட்டத்து உழுகுடிகள், தம் விளைச்சலிலிருந்து கொடுத்த காசில் எழுந்த பாதை அது. அதன்மீது அவர்களுக்குள்ள உரிமை வேண்டுகோளைவிட வலிமையானது என்பதை ஆள்வோர் மறந்துவிடலாகாது.

அகலப்பாதையாக மாற்றுவதற்காக 2012இல் இங்கே வண்டிகள் நிறுத்தப்பட்டன. அப்போது ஆறாம் வகுப்பில் இருந்த பிள்ளை, வண்டி முழுத் தொலைவும் ஓடத் தொடங்குவதற்குள் பன்னிரண்டாம் வகுப்பை முடித்துவிட்டான். இடையே 2018 நவம்பரில் வந்த கஜா புயல் பேராவூரணி, பட்டுக்கோட்டை வட்டாரத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. தோப்பை இழந்த குடும்பத்துப் பிள்ளைகள் வேலை தேடியும் படிப்பு தேடியும் வெளியூர் செல்ல நேர்ந்தபோது, குறைந்த செலவில் அவர்களை ஏற்றிச் செல்லும் வண்டி ஊரில் இல்லை.

2019 ஜூன் 1 அன்று டெமு என்னும் டீசல் வண்டி ஓடத் தொடங்கியது. ஆனால், பல கோடி ரூபாய் செலவிட்டுப் போட்ட அகலப்பாதையில் ரயில்வே கேட்டுகளைக் காக்க ஆள் அமர்த்தப்படவில்லை. அதனால் கேட் கீப்பர்கள் வண்டியிலேயே பயணம் செய்தார்கள். ஒவ்வொரு கேட்டுக்கு முன்னும் வண்டி நின்றது. முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கி ஓடிக் கேட்டைச் சாத்தினார். வண்டி மெல்ல ஊர்ந்து கடந்து மீண்டும் நின்றது. பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறினார். ஏறத்தாழ 150 கிலோமீட்டரைக் கடக்க ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வேகாத வெயிலில் அந்த ஊழியர்கள் பட்ட பாட்டையும், கைக்குழந்தையோடு பெட்டிக்குள் புழுங்கிய தாய்மார்கள் பட்ட பாட்டையும் எண்ணிப் பார்க்கையில், இப்படியொரு ஏற்பாட்டுக்கு ஒப்புதல் தந்தவர்கள் சிற்றூர்ப் பயணியை எந்த நிலையில் வைத்துப் பார்த்தார்கள் என்ற வருத்தமே மிஞ்சுகிறது.

பின்னாளில் கேட்டுகளுக்கு ஆள் அமர்த்தப்பட்டுப் பயண நேரம் குறைந்தது உண்மை. ஆயினும், அந்த முதற்காலத்தின் தீங்கு அதோடு போய்விடவில்லை. நேரத்துக்கு வராத, நாளெல்லாம் ஊர்கிற வண்டியை நம்பி வேலைக்குப் போகிறவர் இலர். பேருந்துக்குப் பழகிய கால் எளிதில் நிலையத்தின் பக்கம் திரும்பாது. அவ்வாறு ஆள் குறைந்த பிறகு, ஆதரவு இல்லை என்று காரணம் காட்டி அடுத்த வண்டியை மறுப்பது, நோயை உண்டாக்கியவரே நோயாளியைக் குறைசொல்வதற்கு ஒப்பாகும். வண்டி இல்லாத ஊரில் பயணியை எண்ணிப் பார்த்து எந்த முடிவுக்கும் வர இயலாது. காலையில் ஊரைவிட்டுப் புறப்பட்டு, கல்லூரியிலோ மருத்துவமனையிலோ நீதிமன்றத்திலோ வேலை முடித்து, இருட்டுவதற்குள் வீடு திரும்பும்படியான நேரத்தில் சில ஆண்டுகளேனும் தவறாமல் ஓட்டிய பிறகே ஆதரவைப் பற்றிப் பேசும் தகுதி ரயில்வே துறைக்கு வரும்.

கட்டணத்திலும் இதே மனப்போக்கைக் கண்டோம். பெருந்தொற்றுக்காக 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட பயணியர் வண்டிகள் விரைவு வண்டி என்ற பெயரில் திரும்பி வந்தபோது, நாடெங்கும் பத்து ரூபாய்ச் சீட்டு முப்பது ரூபாய் ஆயிற்று. பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில்தான் மீண்டது. கூலிக்குப் போகிறவரிடம் ஏறக்குறைய மூன்றாண்டுகள் மும்மடங்கு வாங்கியதற்கு ஏற்கத்தக்க விளக்கம் தரப்படவில்லை.

திருத்துறைப்பூண்டியிலிருந்து உப்பளங்களின் ஊரான அகஸ்தியம்பள்ளிக்கு 2023 ஏப்ரலில் வண்டி மீண்டும் ஓடத் தொடங்கியதையும், அதே நாளில் தாம்பரம்–செங்கோட்டை விரைவு வண்டி திருவாரூர்–காரைக்குடித் தடத்தில் விடப்பட்டதையும் மனமார வரவேற்றோம். நெடுந்தொலைவு வண்டிகள் தேவையே. ஆனால் அவை சிறு நிலையங்களில் நிற்பதில்லை. அங்கெல்லாம் நிற்கும் வண்டிகளோ இன்றும் விரல்விட்டு எண்ணத்தக்கவை. இத்தடத்தில் முன்பு ஓடிய கம்பன் விரைவு வண்டியை இப்பகுதியினர் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ரயில்வேக்கெனத் தனி நிதிநிலை அறிக்கை இருந்த காலத்தில், எந்தத் தடத்துக்கு என்ன கிடைத்தது என்பதை நாடாளுமன்றத்தில் ஒரு நாளேனும் தனித்து விவாதிக்க வாய்ப்பிருந்தது. 2017இல் அது பொது அறிக்கையோடு இணைந்த பிறகு, இப்பொறுப்பு முன்னைவிட மிகுதியாக நம் உறுப்பினர்களின் தோளில் விழுந்திருக்கிறது. திருவாரூருக்கும் காரைக்குடிக்கும் இடையே காலையிலும் மாலையிலும் எல்லா நிலையங்களிலும் நிற்கும் வண்டிகளைக் கட்சி வேறுபாடின்றி அவர்கள் கேட்டுப் பெறவேண்டும். இருந்ததைக் காக்கவேண்டும் என்ற அதே நெறிப்படி, 1980களில் நிறுத்தப்பட்டுத் தண்டவாளமும் பெயர்க்கப்பட்ட மயிலாடுதுறை–தரங்கம்பாடித் தடத்தில் எஞ்சியிருக்கும் ரயில்வே நிலத்தை அளந்து, எல்லைக்கல் நட்டு, கைநழுவாமல் காக்கும் பணியில் மாநில அரசின் வருவாய்த்துறையும் ரயில்வே துறையும் இந்த ஆண்டிலேயே இறங்கவேண்டும்.