ஆறாம் மாதம் முதல் இரண்டு வயது வரை யார் பொறுப்பு?

பிள்ளையைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் பாடு, அதில் அரசுக்கு என்ன வேலை என்ற வாதம் நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. முதலாளிகள் சங்கத்திலும் அதைக் கேட்கலாம், படித்தவர் வீட்டுக் கூடத்திலும் கேட்கலாம். அதற்கு முட்டுக்கொடுக்கச் சொல்லப்படும் காரணங்கள் நான்கைந்து: வீட்டில் பாட்டி இருக்கிறார், தெருவுக்குத் தெரு அங்கன்வாடி இருக்கிறது, ஆலைகள் காப்பகம் நடத்த வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, பச்சைக் குழந்தையை அந்நியர் கையில் விடுவது அதற்கே கேடு, எல்லாவற்றுக்கும் மேலாக, அரசிடம் பணம் இல்லை. தனித்தனியே கேட்டால் ஒவ்வொன்றிலும் நியாயம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் தாயின் பேறுகால விடுப்பு முடியும் ஆறாம் மாதத்திலிருந்து குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை உள்ள காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இவற்றை உரசிப் பார்த்தால், ஒன்றுகூட நிற்பதில்லை. அந்த ஒன்றரை ஆண்டில்தான் பெண்கள் வேலையை விடுகிறார்கள்.

குடும்பத்தின் வேலை என்ற அடிப்படை வாதத்திலிருந்தே தொடங்கலாம். பிள்ளைக்குச் சோறு போடுவதைவிடக் குடும்பத்துக்கே உரிய கடமை வேறு உண்டா? ஆனாலும் 1956இல் காமராசர் ஆட்சி பள்ளியில் மதிய உணவு போட்டது. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவுத் திட்டமாக விரித்தபோது வீண்செலவு என்று இகழ்ந்தவர்கள் உண்டு. இன்று அதை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எந்தக் கட்சிக்கும் இல்லை. 2022இல் காலை உணவும் சேர்ந்தது. பசித்த பிள்ளை படிக்காது, அந்த இழப்பு அந்த வீட்டோடு முடியாது என்பதுதான் இத்திட்டங்களின் தர்க்கம். கவனிக்க ஆளில்லாத குழந்தைக்கும், அதனால் வேலையை இழக்கும் தாய்க்கும் அதே தர்க்கம் அப்படியே பொருந்துகிறது. அரசு தன் ஊழியர் விஷயத்தில் இதை ஒப்புக்கொண்டும் இருக்கிறது: தமிழக அரசில் பணிபுரியும் பெண்களுக்கு 2021 முதல் பேறுகால விடுப்பு 12 மாதம். தனியார் நிறுவனத்தில் பதிவோடு வேலை செய்பவருக்கு 26 வாரம். சித்தாளுக்கும் வீட்டுவேலை செய்பவருக்கும் விடுப்பே இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான திட்டத்தின் நிதியுதவிதான் உண்டு. தாய் அருகில் இருக்க வேண்டிய தேவை குழந்தைக்குக் குழந்தை மாறுவதில்லை. தாய் எங்கே சம்பளம் வாங்குகிறாள் என்பதுதான் மாறுகிறது.

பாட்டி இருக்கிறாரே என்பவர்கள் எந்த ஊரை மனதில் வைத்துப் பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் ஓசூர், திருப்பெரும்புதூர் ஆலைகளுக்கும் வந்து ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்களின் பெற்றோர் தென்மாவட்டத்திலோ ஒடிசாவிலோ இருக்கிறார்கள். ஊரிலேயே இருக்கும் பாட்டியும் சும்மா இருப்பதில்லை: தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களில் எண்பது சதவீதத்துக்கும் மேல் பெண்கள், அவர்களில் பலர் வயதானவர்கள். பாட்டியும் இல்லாத வீட்டில் அந்தப் பொறுப்பு மூத்த பெண் பிள்ளையின் இடுப்பில் ஏறுகிறது. அவள் பள்ளிக்கூடம் அத்தோடு நின்றுபோகிறது. 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடும் நேரம் 299 நிமிடம். ஆணுக்கு 97 நிமிடம். குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்று சொல்லும்போது, அந்தக் குடும்பத்தில் யார் பார்த்துக்கொள்கிறார் என்பது இந்த எண்களில் இருக்கிறது.

அங்கன்வாடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1975இல் தொடங்கிய இத்திட்டம் தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட மையங்களோடு மற்ற மாநிலங்களைவிட நன்றாகவே நடக்கிறது. ஆனால் அது ஊட்டச்சத்துக்காகவும் முன்பருவக் கல்விக்காகவும் கட்டப்பட்ட ஏற்பாடு. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அங்கே கிடைப்பது சத்துமாவும் எடைபார்ப்பும் தடுப்பூசிக்கான வழிகாட்டலும்தான். தொட்டிலும் இல்லை, நாள் முழுக்கத் தூக்கிவைத்துக்கொள்ள ஆளும் இல்லை. மூன்று வயதுப் பிள்ளைக்கும் மையம் பிற்பகலோடு மூடிவிடும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கும் தாய் வெளியே வர இரவு எட்டாகும். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் சேர்த்து நடத்தும் ஒன்றிய அரசின் பால்னா திட்டம் 2022இல் வந்தது. அதன் இலக்கு 17,000 மையங்கள். நாட்டில் இருக்கும் அங்கன்வாடிகளோ சுமார் 14 லட்சம். இதற்கு முன்பிருந்த தேசியக் காப்பகத் திட்டத்துக்கு நேர்ந்ததை மறக்கக் கூடாது. ஒருகாலத்தில் இருபதாயிரத்துக்கும் மேல் காப்பகங்கள் அதில் நடந்தன. 2017இல் ஒன்றிய அரசு தன் பங்கை 90 சதவீதத்திலிருந்து 60 ஆகக் குறைத்துக்கொண்டது. சில ஆண்டுகளில் சில ஆயிரம் காப்பகங்களே மிஞ்சின.

சட்டம் இருக்கிறதே என்ற பதில்தான் கூர்ந்து பார்க்க வேண்டியது. நல்ல எண்ணமே கேடாக முடிந்த கதை அது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் கட்டாயம் என்ற நிலையில் நெடுங்காலம் இருந்தது. தோட்டத் தொழிலாளர் சட்டமும் கட்டடத் தொழிலாளர் சட்டமும் ஐம்பது பெண்கள் என்று கணக்கு வைத்தன. பெண்களின் எண்ணிக்கையை வைத்துச் செலவை ஏற்றினால், முப்பத்தோராவது பெண்ணை வேலைக்கு எடுக்க எந்த முதலாளிக்கு மனம் வரும்? 2017ஆம் ஆண்டின் பேறுகாலப் பயன் திருத்தச் சட்டம் இந்தப் பிழையைத் திருத்தி, ஆண் பெண் பேதமின்றி ஐம்பது பேர் வேலை செய்யும் எந்த நிறுவனமும் காப்பக வசதி தர வேண்டும் என்றது. தாய் ஒரு நாளில் நான்கு முறை குழந்தையைப் போய்ப் பார்க்கலாம் என்றும் சேர்த்தது. வரவேற்க வேண்டிய திருத்தம்தான். ஆனால் இந்தியாவில் உழைப்பவர்களில் பெரும்பான்மையோர் அமைப்புசாராத் தொழிலில் இருக்கிறார்கள். பத்துப் பேர் வேலை செய்யும் பவர் டேபிள் தையல் யூனிட், பூக்கடை, வயல், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் வேலை எதையும் இந்தச் சட்டம் தொடாது. தொடும் இடத்திலும் 26 வாரச் சம்பளம், இ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே இருப்பவர்களுக்கு, முழுக்க முதலாளியின் தலையில் விழுகிறது. நாட்டின் ஆலைகளில் வேலை செய்யும் பெண்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களை வேலைக்கு எடுப்பதே தண்டச்செலவு என்ற எண்ணம் பரவினால் அதிகம் இழக்கப்போவது நாம்தான். காப்பகத்தை வேலைவாங்குபவரோடு கட்டிவைக்காமல், குடியிருப்புப் பகுதியில் பொதுப்பணத்தில் நடத்தி, முதலாளிகளிடம் ஆட்கணக்கில் ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கு வாங்குவதே சரி. அப்போது வேலை மாறினாலும் குழந்தையின் இடம் மாறாது. ஷிப்ட் பஸ்ஸில் கைக்குழந்தையோடு நெருக்கியடித்துப் போகும் கொடுமையும் இருக்காது.

குழந்தைக்கே கேடு என்ற ஆட்சேபம் நேர்மையானது, அதற்குச் சான்றும் உண்டு. கனடாவின் கியூபெக் மாநிலம் 1997இல் நாளொன்றுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் தொடங்கியது. தாய்மார் வேலைக்குப் போவது கணிசமாக உயர்ந்தது. அதேசமயம், அங்கே வளர்ந்த பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாக பேக்கர், குரூபர், மில்லிகன் ஆகிய பொருளியலாளர்கள் கண்டார்கள். காப்பகத்தை எதிர்ப்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள். ஆனால் கியூபெக்கில் தேவை திடீரென்று பெருகியபோது இலாப நோக்கில் தொடங்கப்பட்ட காப்பகங்களின் தரம், பொதுநிதியில் இலாபநோக்கின்றி நடந்தவற்றைவிடத் தாழ்ந்திருந்தது என்று அங்கு நடந்த தர ஆய்வு காட்டியது. மறுபக்கம், அமெரிக்காவின் வட கரோலினாவில் 1970களில் நடந்த அபெசிடேரியன் ஆய்வில், ஏழைக் குழந்தைகள் கைக்குழந்தைப் பருவத்திலிருந்தே முழுநாள் காப்பகத்தில் வளர்க்கப்பட்டார்கள். தேர்ந்த பணியாளர்களும் ஆளுக்குச் சில குழந்தைகளும் இருந்த அந்த ஏற்பாட்டின் நன்மை அவர்கள் பெரியவர்களான பிறகும் தெரிந்தது. ஆக, குழந்தைக்குக் கேடு செய்வது தரமற்ற காப்பகம். தரம் என்பது சுவரில் வரைந்த யானைப் படம் அல்ல. ஓர் ஆயாவுக்கு எத்தனை குழந்தை, அவருக்கு என்ன பயிற்சி, எத்தனை ஆண்டு அதே குழந்தைகளோடு அவர் இருக்கிறார், கதவும் தண்ணீர்த் தொட்டியும் அடுப்பும் எப்படி இருக்கின்றன, யார் வந்து சோதிக்கிறார்கள் என்பவைதான் தரம். தேசியக் காப்பகத் திட்டத்தில் நாளுக்கு ஏழரை மணி நேரம் குழந்தைகளைப் பார்த்த பணியாளருக்கு மாத மதிப்பூதியம் 3,000 ரூபாய், உதவியாளருக்கு 1,500. அந்தச் சம்பளத்தில் ஆள் நிலைக்கவில்லை என்றால் குற்றம் காப்பகம் என்ற எண்ணத்தின் மேல் இல்லை.

காப்பகத்துக்குப் பதில் பணமாகவே கொடுத்துவிடலாமே என்பார்கள் சிலர். மகளிர் உரிமைத் தொகையின் ஆயிரம் ரூபாய் பெண்ணுக்குத் தரும் மதிப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் நல்ல காப்பகமே இல்லாத ஊரில் அந்தப் பணம் எதை வாங்கும்? வாங்க முடிந்தது, யாரும் சோதிக்காத ஏதோ ஓர் அறையில் ஓர் இடம். கென்யாவின் நைரோபி நகரில் கொரோகோச்சோ குடிசைப் பகுதியில் நடந்த ஓர் ஆய்வில், தாய்மாருக்காகக் காப்பகக் கட்டணத்தைச் செலுத்தியதும் அவர்கள் வேலைக்குப் போவது கூடியது; ஆனால் அங்கே காப்பகங்கள் ஏற்கெனவே இருந்தன.

செலவைப் பொறுத்தவரை, அந்தச் செலவு இப்போதும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. பெண்கள் விட்ட சம்பளமாகவும், அறுந்துபோன வருங்கால வைப்பு நிதியாகவும், பள்ளியை விட்ட அக்காக்களாகவும். அது எந்த பட்ஜெட்டிலும் தெரிவதில்லை என்பதால் இல்லாமல் போய்விடாது. எல்லா அங்கன்வாடியிலும் ஒரே நாளில் தொடங்கு என்று யாரும் கேட்கவில்லை. திருப்பூர், கோவை, காஞ்சிபுரம், கிருஷ்ணகிரி போன்ற தொழில் மாவட்டங்களில், ஆலைத் தொழிலாளர் நெருங்கி வாழும் பகுதிகளில், ஷிப்ட் நேரத்துக்கு ஏற்பத் திறந்திருக்கும் அங்கன்வாடிக் காப்பகங்களை முதலில் தொடங்கட்டும். பணியாளருக்குக் குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளம் தரட்டும். ஒவ்வொரு மையத்தின் சோதனை அறிக்கையையும் அதன் வாசலிலேயே ஒட்டட்டும். கர்நாடகம் 2023இல் கிராம ஊராட்சிகளில் நான்காயிரம் ‘கூசின மனெ’ காப்பகங்களை அறிவித்தது. சத்துணவில் நாட்டுக்கே முன்னால் நடந்த மாநிலம் இதில் பின்தங்கி நிற்பதற்குக் கருவூலம் காரணம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.