காண்ட்ரா: டோக்கன் மெஷினா, டிவி கேமா? மாமாவுக்கும் எனக்கும் ஒரு பஞ்சாயத்து!

ஆழ்வார்திருநகரியில் ஒன்பது கருட சேவை முடிந்த மறுநாள் எப்படி இருக்கும் என்று எங்கள் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். ராத்திரி முழுக்கக் கண்விழித்த ஊர், மத்தியானம் வரைக்கும் எழுந்திருக்காது. அப்படி ஒரு வைகாசி மத்தியானத்தில்தான் அம்மா பரணைக் காலி செய்யக் கிளம்பினார்.

"பழைய இரும்புக்காரருக்குப் போடப் போறேன். உனக்கு ஏதாவது வேணுமான்னு பாத்துக்கோ."

கடைசி அட்டைப்பெட்டிக்குள் கிடந்தது எங்கள் டிவி கேம். கூடவே, '9999 இன் 1' என்று ஒட்டியிருந்த மஞ்சள் கேசட். 9999 எல்லாம் சும்மா. சின்ன வயதில் நோட்டில் எழுதி வைத்து எண்ணியிருக்கிறேன். பதினைந்து கேம்தான், வேறு வேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். ஆனால், அந்தப் பதினைந்தில் ஒன்று காண்ட்ரா. அது போதுமே!

பெரியப்பா மகன் அண்ணன் கப்பலில் வேலை பார்க்கிறான். லீவில் வந்திருந்தான். பெட்டியைப் பார்த்ததும் அவன் முகத்தில் பத்து வயது குறைந்தது. அந்த நேரம் பார்த்து, திண்ணையில் இருந்த மாமா ஒரு குண்டைப் போட்டார்.

"நீங்க ஆடினது காண்ட்ராவே இல்லட்டி. அது டூப்ளிகேட். ஒரிஜினல நான் மெட்ராஸ்ல மெஷின்லயே ஆடியிருக்கேன்."

விடுவோமா? என் லேப்டாப்பில் 2019-ல் கொனாமி வெளியிட்ட 'காண்ட்ரா ஆனிவர்சரி கலெக்‌ஷன்' இருந்தது. பார்லர் மெஷினில் வந்த காண்ட்ராவும் வீட்டு கேசட்டில் வந்த காண்ட்ராவும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. இந்தப் பக்கம் லேப்டாப், அந்தப் பக்கம் பழைய டப்பா டிவியில் மஞ்சள் கேசட். பஞ்சாயத்து ஆரம்பம்!

முதலில் உயிர் கொடுப்போம்

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஒன்று இருந்தால், மூன்று விஷயம். கேசட்டை ஊதாதீர்கள். நாம் எல்லோரும் செய்ததுதான், ஆனால் வாயின் ஈரம் உள்ளே இருக்கும் செம்புப் பட்டைகளை அரிக்கும். உப்புக்காற்று வீசும் எங்கள் பக்கம் இன்னும் மோசம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸால் மெதுவாகத் துடைத்துக் காயவிட்டாலே பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டாவது, பழைய அடாப்டரை அப்படியே சொருகாதீர்கள். வயர் விரிந்திருக்கிறதா என்று பார்த்து, தெரிந்த எலெக்ட்ரீஷியனிடம் ஒருமுறை வோல்டேஜ் சோதித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது, எல்.இ.டி டிவி என்றால் 'கேம் மோட்' போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் குதித்து, கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஹீரோ குதிப்பான். டப்பா டிவியில் அந்தத் தொல்லை கிடையாது.

மாமாவின் மெஷின்

காண்ட்ரா பிறந்தது 1987-ல், ஜப்பானின் கொனாமி நிறுவனத்தில். முதலில் காசு போட்டு ஆடும் மெஷினாகத்தான் வந்தது. வீட்டு கேசட்டாக வந்தது அடுத்த வருடம், 1988-ல்.

மெஷினைப் போட்டதும் எனக்கு முதல் அதிர்ச்சி, திரை! போனை நிமிர்த்திப் பிடித்த மாதிரி நெட்டுக்குத்தாக இருக்கிறது. ரீல்ஸ் பார்க்கிற மாதிரி காண்ட்ரா ஆட வேண்டும். அருவி ஏறும் கட்டத்துக்கு அது அருமை. ஆனால், முதல் காட்டுக் கட்டத்தில் வலது பக்கம் என்ன வருகிறது என்று தெரிவதற்குள் குண்டு வந்துவிடுகிறது.

ஆளெல்லாம் பெரிதாக, நிறமெல்லாம் அழகாக இருக்கிறார்கள். யமஹாவின் சவுண்ட் சில்லு போட்ட இசை அதிர்கிறது. "எப்படி?" என்று மாமா மீசையைத் தடவினார். ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், பார்க்கவும் கேட்கவும் மெஷின்தான் ராஜா.

ஆனால், ஆடிப் பார்த்தால் இன்னொன்று புரிகிறது. சுரங்கம் மாதிரி உள்ளே போகும் 'பேஸ்' கட்டத்தில் ஒரு கடிகாரம் ஓடுகிறது. நேரம் முடிந்தால் உயிர் போச்சு. நான்காவது கட்டத்துக்குப் பிறகு பனி, தொழிற்சாலை, ஏலியன் குகை எல்லாம் மூச்சு விட இடமில்லாமல் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுகின்றன. ஏன் இந்த அவசரம்? பின்னால் வரிசை நிற்கிறதே! நீங்கள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்தவர் டோக்கன் போடுவார். எத்தனை உயிர், எவ்வளவு கஷ்டம் என்பதையெல்லாம் கடைக்காரர் மெஷினுக்குள் இருக்கும் சின்ன சுவிட்சுகளில் மாற்றிக்கொள்ள முடியும்.

"அதான் எனக்கு ரெண்டாவது கட்டத்தைத் தாண்டவே முடியலியா?" என்றார் மாமா. முப்பது வருட சந்தேகம் தீர்ந்த முகம்.

எங்கள் டிவி கேம்

மாமா சொன்ன 'டூப்ளிகேட்' பாதி உண்மை. மீடியா, சாமுராய் என்று நம் ஊரில் பல பெயர்களில் கிடைத்த டிவி கேம்களுக்கு மூலம், நின்டெண்டோ 1983-ல் ஜப்பானில் வெளியிட்ட ஃபேமிகாம். நாங்கள் வைத்திருந்தது பெயர் தெரியாத ஒரு காப்பி. மஞ்சள் கேசட்டும் திருட்டு கேசட்தான். ஆனால், அதற்குள் இருந்த காண்ட்ரா, கொனாமியே வீட்டுக்காக உட்கார்ந்து செய்தது.

அதைச் செய்ய அவர்களுக்கு இருந்த இடம் எவ்வளவு தெரியுமா? அந்த டப்பாவின் வேலை நினைவகம் வெறும் 2 கிலோபைட். முழு கேமும் அடங்கிய கேசட் 128 கிலோபைட். உங்கள் சித்தப்பா தினமும் அனுப்பும் 'குட்மார்னிங்' போட்டோவே கிட்டத்தட்ட அந்த சைஸ் வரும்!

சின்ன வயதில் கூட்டம் அதிகமானால் எதிரிகள் மின்னி மின்னித் தெரிவார்கள். 'கேசட் கெட்டுப்போச்சு' என்று நினைத்தோம். கெடவில்லை. திரையின் ஒரே கிடைக்கோட்டில் எட்டு நகரும் துண்டுகளுக்கு மேல் அந்த டப்பாவால் காட்ட முடியாது. ஒரு ஆளுக்கு அகலத்தில் இரண்டு துண்டு. நானும் அண்ணனும் சேர்ந்து நான்கு, எதிரில் இரண்டு பேர் வந்தால் எட்டு. கணக்கு முடிந்தது. அதே கோட்டில் ஒரு குண்டு வந்தால் அதற்கு இடமில்லை. அதனால் ஒரு நொடிக்குள் பலமுறை மாற்றி மாற்றி, ஒருவரை மறைத்து இன்னொருவரைக் காட்டுவார்கள். அதுதான் அந்த மினுக்கல்.

இவ்வளவு நெருக்கடியிலும் கொனாமி செய்த நல்ல காரியம், மெஷினை அப்படியே நகலெடுக்க முயற்சி செய்யாமல் விட்டதுதான். வீட்டு டிவிக்கு ஏற்ப திரையைப் படுக்கவைத்தார்கள். முன்னால் வருவது தெரிந்தது. கட்டங்களை நீளமாக்கினார்கள். மெஷினில் ஒரே ஓட்டமாக வந்த கடைசிப் பகுதியைப் பிரித்து பனிக்காடு, தொழிற்சாலை, ஹேங்கர், ஏலியன் குகை என்று தனித்தனிக் கட்டமாக்கினார்கள். மொத்தம் எட்டு. பேஸ் கட்டத்தின் கடிகாரத்தை எடுத்தே விட்டார்கள். வீட்டில்தான் பின்னால் வரிசை இல்லையே!

(எங்கள் வீட்டுக் கடிகாரம் வேறு. 2012 மின்வெட்டில் ஏழாவது கட்டத்தில் கரண்ட் போகும். ஸேவ் கிடையாது. மறுபடி காட்டிலிருந்து ஆரம்பம்.)

உங்கள் கேசட் எந்த ஊர்?

இதில் ஒரு சுவாரஸ்யம். ஜப்பான் கேசட்டும் அமெரிக்க கேசட்டும் ஒன்று இல்லை. ஜப்பான் கேசட்டில் கொனாமி தன் சொந்தச் சில்லு ஒன்றை வைத்தது. அதனால் முதல் கட்டத்தில் மரத்தின் இலைகள் காற்றில் ஆடும். ஐந்தாவது கட்டத்தில் பனி பெய்யும். கட்டங்களுக்கு நடுவே வரைபடம் வரும். அமெரிக்க கேசட்டில் அந்தச் சில்லு இல்லை, இந்த அலங்காரமும் இல்லை. எங்கள் மஞ்சள் கேசட்டில் இலை ஆடவில்லை. ஆக, எங்களுடையது அமெரிக்க காண்ட்ராவின் திருட்டுப் பிள்ளை. உங்களுடையதில் இலை ஆடுகிறதா? ஞாபகப்படுத்திப் பாருங்கள்.

மற்ற ஊர்க் கதை இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவில் இதற்கு 'கிரைசர்' என்று பெயர். இங்கிலாந்தின் ஓஷன் நிறுவனம் அந்தப் பெயரில்தான் கமடோர் 64, ஸ்பெக்ட்ரம், ஆம்ஸ்ட்ராட் கம்ப்யூட்டர்களுக்குக் கொண்டுவந்தது. எம்.எஸ்.எக்ஸ்-2 கம்ப்யூட்டருக்குக் கொனாமியே செய்தது. ஆனால், அதில் திரை வழுக்கிக்கொண்டு நகராது. விளிம்புக்குப் போனதும் புத்தகப் பக்கம் மாதிரி அடுத்த திரை மாறும். ஓடிக்கொண்டே சுடுகிற கேமுக்கு இது வேகத்தடை. அதனாலோ என்னவோ, ஒரு குண்டு பட்டதும் சாகாமல் இருக்க அதில் பலத்தைக் காட்டும் அளவுகோல் ஒன்றும் உண்டு. 1990-ல் ஐரோப்பிய நின்டெண்டோவுக்கு வந்தபோது ஹீரோக்கள் ரோபோவாகவே மாறிவிட்டார்கள், பெயர் 'ப்ரோபோடெக்டர்'. இளைஞர்களுக்கான வன்முறைக் கேம்களில் ஜெர்மனி அவ்வளவு கெடுபிடி. ரோபோவை ரோபோ சுட்டால் பரவாயில்லையாம்!

முப்பது உயிர் ரகசியம்

மேலே, மேலே, கீழே, கீழே, இடது, வலது, இடது, வலது, பி, ஏ. படிக்கும்போதே உங்கள் கட்டைவிரல் அசைந்ததா? முதல் திரையில் இதை அழுத்தி ஸ்டார்ட் கொடுத்தால் மூன்று உயிர் முப்பது ஆகும்.

இந்த மந்திரம் பிறந்ததே ஒரு மெஷின் கேமை வீட்டுக்குக் கொண்டுவரும் வேலையில்தான். கொனாமியின் 'கிரேடியஸ்' என்ற விண்கலக் கேமை 1986-ல் வீட்டு கேசட்டாக மாற்றிக்கொண்டிருந்தார் கசுஹிசா ஹாஷிமோட்டோ. சோதித்துப் பார்க்க ஆட வேண்டும், ஆனால் அவருக்கே அது ரொம்பக் கஷ்டமாக இருந்தது. தனக்காக ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது கேசட்டிலேயே தங்கி, காண்ட்ராவுக்கும் வந்து, உலகம் முழுக்கப் பிள்ளைகளின் விரலில் ஏறிவிட்டது. 2020 பிப்ரவரியில் அவர் காலமானபோது, எங்கெங்கோ இருப்பவர்கள் இந்தப் பத்து பட்டனை எழுதித்தான் அஞ்சலி செலுத்தினார்கள்.

தீர்ப்பு

படம், இசை, கம்பீரம் மூன்றிலும் மெஷினுக்கே முதலிடம். ஜப்பான் கேசட் அழகில் இரண்டாவது. ஆனால், ஒரு வாரம் வீட்டில் வைத்து ஆடச் சொன்னால் நான் எங்கள் அமெரிக்க கேசட்டைத்தான் எடுப்பேன். முந்தைய நாள் வரைக்கும் ஏன் என்று கேட்டால் 'பழகிப்போச்சு' என்றுதான் சொல்லியிருப்பேன். அன்று ராத்திரி சரியான பதில் கிடைத்தது.

அண்ணனும் நானும் ஆடிக்கொண்டிருந்தோம். சின்ன வயதில் மூன்றாவது கட்டம்தான் எங்கள் சண்டைக் களம். அருவியில் அவன் வேகமாக ஏறுவான். திரை அவனோடு மேலே போகும். கீழே மாட்டிய நான் செத்துப்போவேன். "ஏட்டி, சீக்கிரம் ஏறு!" என்று கத்துவான். என் உயிரெல்லாம் தீர்ந்ததும் 'ஏ' பட்டனை அழுத்துவேன். அழுத்தினால் அவனிடம் மிச்சமிருப்பதில் ஒன்று எனக்கு வந்துவிடும். கேட்காமலே எடுப்பேன். கடைசி ஒன்று வரைக்கும் எடுத்திருக்கிறேன். ரிமோட்டைப் பிடுங்குவான், தலையில் குட்டுவான், ஆனால் மறுநாளும் என்னைத்தான் ஆடக் கூப்பிடுவான். அவன் கப்பலுக்குப் போன பிறகு நான் தனியாக அந்தக் கேமைப் போட்டதே இல்லை.

இந்த முறை அவன் அருவியில் எனக்காக நின்றான். ஒவ்வொரு படியாக, நான் வந்த பிறகுதான் ஏறினான். ஆனால், கப்பலில் கயிறும் இரும்பும் பிடித்த விரல்களுக்கு அந்தச் சின்ன பட்டன்கள் பிடிபடவில்லை. ஆறாவது கட்டத்தில் அவன் உயிரெல்லாம் தீர்ந்தது. என்னிடம் இரண்டு இருந்தது.

"ஒண்ணு எடுத்துக்கிடட்டாட்டி?" என்று கேட்டான்.

நான் என்றைக்குமே கேட்டதில்லை. அவன் கேட்டான்.

"எடுத்துக்கோண்ணே" என்றேன்.

'ஏ' பட்டனை அழுத்தினான். செத்துப்போன சிவப்பு ரிப்பன்காரன் வானத்திலிருந்து மறுபடி குதித்தான். பின்னால் நாற்காலியில் இருந்த மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்.

"எங்க மெஷின்ல இது கெடையாது. உயிர் போச்சுன்னா டோக்கன்தான். டோக்கன் இல்லன்னா வெளிய நின்னு அடுத்தவன் ஆடுறதப் பாக்கணும்."

பஞ்சாயத்து அதோடு முடிந்தது. அடுத்த ஆட்டத்துக்கு இரண்டாவது ரிமோட்டை மாமாவிடம் கொடுத்தோம். இரண்டாவது கட்டத்தைத் தாண்டிவிட்டார். எத்தனை உயிர் கடன் வாங்கினார் என்று மட்டும் கேட்காதீர்கள்!

அண்ணன் அடுத்த மாதம் மறுபடி கப்பல் ஏறுகிறான். டிவி கேம் பரணுக்குப் போகவில்லை, ஹாலிலேயே இருக்கிறது. இரும்புக்காரர் இரண்டு முறை வந்து கேட்டாராம், அம்மா தரவில்லை.

உங்கள் வீட்டில் உயிர் கடன் கொடுத்தது யார், வாங்கியது யார்? அடுத்த வாரம் வேறொரு பெட்டியோடு சந்திப்போம்.