ரசீதில் இல்லாத லிட்டர்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் பல குடும்பங்களுக்கு வீடு வேறு, தறி வேறு இல்லை. கைத்தறி நெசவாளருக்கு இரண்டு மாதத்துக்கு 300 யூனிட் மின்சாரம் 2023 முதல் இலவசம் என்பதால், கரண்ட் மீட்டர் எவ்வளவு ஓடியிருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் அத்துப்படி. தண்ணீருக்கு அந்தக் கணக்கு கிடையாது. தமிழகத்தின் பல ஊர்களைப் போல இங்கும், இருவர் வாழும் வீடானாலும் கூட்டுக்குடும்பமானாலும் குடிநீர்க் கட்டணம் ஒன்றேதான். ரசீதில் ரூபாய் இருக்கிறது, லிட்டர் இல்லை. ஆனால் கணக்கு எளிது. பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது மத்திய அரசின் அளவுகோல். நாலு பேருக்கு 540, மாதத்துக்கு 16,200. மொட்டைமாடியில் இருப்பது ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் என்றால், மாதம் பதினாறு தொட்டி நியாயமான செலவு. இருபதைத் தாண்டினால் முதலில் பார்க்க வேண்டியது கழிப்பறைத் தொட்டியின் மிதவையை. சத்தமில்லாமல் ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் பாலாற்றின் அடியூற்றை நம்பி இருக்கிற ஊருக்கு இந்தக் கணக்கு அவசியம். 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரம், வீட்டுக்கு வீடு தண்ணீர் மீட்டர் பொருத்தி, ரூபாய்க்குப் பக்கத்தில் லிட்டரையும் அச்சிட்டுத் தர வேண்டும்.