பேரை மட்டும் ஏன் சார் வெட்டுறீங்க?

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு அக்காகிட்ட இருந்து போன். அக்கா அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். "டேய், வாட்ஸப்ல ஒண்ணு அனுப்பியிருக்கேன், பாரு"ன்னு மட்டும் சொல்லிட்டு வெச்சுட்டாங்க. திறந்தா ஒரு பிடிஎஃப். பத்தாம் வகுப்புக் கணக்கு, மெல்லக் கற்கும் மாணவர்களுக்கான கையேடு. பக்கத்துக்குப் பக்கம் குறுக்கே ஏதோ ஒரு டியூஷன் சென்டர் பேர். அடியில செல் நம்பர். அச்சுப் பிரதி 80 ரூபாயாம்.

உள்ளே இருக்கிற 22 பக்கமும் அக்கா எழுதினது. வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு 8, இந்த 16 மார்க்கைப் பிடிச்சாலே பாதிக் கிணறு தாண்டிடலாம்னு ரெண்டு கோடை லீவுல உட்கார்ந்து போட்டது. தட்டச்சு செஞ்சு கொடுத்தது அடியேன். முதல் பக்கத்துல அவங்க பேர் இருந்துச்சு. இப்போ அந்தப் பக்கத்தையே காணோம். ஏழாம் பக்கத்துல நான் விட்ட எழுத்துப்பிழை மட்டும் பத்திரமா இருக்கு :)

டியூஷன்காரரைத் திட்டி நாலு வரி எழுதிட்டு ஆணி புடுங்கப் போயிருப்பேன். ஆனா விசாரிச்சா, பேரை முதல்ல வெட்டினது அவர் இல்லை, ஒரு சக ஆசிரியர். "நல்ல விஷயம் நாலு பேருக்குப் போகட்டும் டீச்சர், இதுல பேர் எதுக்கு?"ன்னு கேட்டாராம்.

ஏங்க, பேரோட போனா நாலு பேருக்குப் போய்ச் சேராதா?

இன்னொரு கூத்து. இதே ஆசிரியர்கள் பயப்பட வேண்டாத இடத்துல நடுங்குறாங்க. ஒரு பயிற்சி வகுப்புல யாரோ, "புத்தகத்துல ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்தாலும் ஜெயில்"னு பூச்சாண்டி காட்டியிருக்கார். அன்னைக்கு நூலகப் புத்தகத்துல இருந்து பசங்களுக்குக் கதை நகலெடுத்துக் கொடுக்கிறதை நிறுத்தின தமிழம்மா, இன்னிக்கு வரைக்கும் கொடுக்கலை. யாருக்கு நஷ்டம்?

புண்ணியவான்களே, சட்டத்தை ஒரு தடவை படிங்க. 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 52. பாடம் நடத்துறதுக்காக ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பை நகலெடுத்தா அது மீறல் இல்லைன்னு நேரடியாவே சொல்லுது. கேள்வித்தாள்ல சேர்த்தாலும் மீறல் இல்லை. 2012ல ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் & பிரான்சிஸ்னு மூணு பெரிய பதிப்பகங்கள் டெல்லிப் பல்கலைக்கழகத்து மேலயும் அங்கே இருந்த ராமேஸ்வரி ஜெராக்ஸ் கடை மேலயும் வழக்குப் போட்டாங்க. பாடத்துக்கான பகுதிகளை நகலெடுத்துத் தொகுத்துக் கொடுத்ததுதான் குற்றமாம். 2016 செப்டம்பர்ல டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி பண்ணுச்சு. டிசம்பர்ல ரெண்டு நீதிபதிகள் அமர்வும், பாடம் நடத்துறதுங்கிறது வகுப்பறையில பேசுற அந்த நேரம் மட்டும் இல்லை, பாடத்தோட நோக்கத்துக்குத் தேவையானதை நகலெடுக்கலாம்னு சொல்லுச்சு. 2017 மார்ச்சுல பதிப்பகங்களே வழக்கை விட்டுட்டுப் போயிட்டாங்க. ஆக, ஜெராக்ஸ் மெஷின் முன்னாடி கை நடுங்க வேண்டாம்.

நடுங்க வேண்டிய இடம் பிரிவு 57. இது என் படைப்புன்னு உரிமை கோர எழுதினவருக்கு உரிமை உண்டு. பதிப்புரிமையையே வேற ஒருத்தருக்கு எழுதிக் கொடுத்துட்டாலும் அது போகாது. "அரசாங்கச் சம்பளத்துல எழுதினதுதானே, பொதுச் சொத்து"ன்னு சிலர் பேசுறாங்க. சம்பளம் கொடுக்கிறவருக்குப் பதிப்புரிமை போகலாம், அது தனிக் கணக்கு. அதுக்காக எழுதினவங்க பேரை அழிக்கிற அதிகாரத்தை உங்களுக்கு யார் கொடுத்தது?

எங்க மென்பொருள் உலகத்துல எம்ஐடி உரிமம்னு ஒண்ணு உண்டு. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கூடக் காசு பார்த்துக்கோ. கேக்கிறது ஒண்ணே ஒண்ணு, அந்தப் பதிப்புரிமை அறிவிப்பை அழிக்காதே. உலகமே அந்த நிரல்களை வெச்சு ஓடுது. பேர் இருந்ததால எதுவும் பரவாம நின்னுடலை. நம்ம பதிவைச் சுட்டு 'படித்ததில் பிடித்தது'ன்னு பேரில்லாம சுத்தவிட்டா நாம எப்படிக் குதிக்கிறோம்!

இதையெல்லாம் வீராவேசமா அக்காகிட்ட சொன்னேன். முழுசா கேட்டுட்டு, "பதினாலாம் பக்கத்துப் படம் நான் போட்டது இல்லைடா"ன்னாங்க. தொடுகோடு வரையிற அந்த நாலு படமும் ஒரு ரிட்டயர்டான சாரோட நோட்ஸ்ல இருந்து எடுத்ததாம். அவர் பேர் நம்ம கையேட்டுல எங்கேயும் இல்லை. டைப் பண்ணின எனக்கும் அதைக் கேக்கத் தோணலை.

நேத்து நம்பர் தேடிப் பிடிச்சு அவர்கிட்ட பேசினாங்க. மனுஷன் முதல்ல பயந்துட்டாராம், தான் ஏதோ தப்பு பண்ணிட்டோமோ, கேஸ் வரப் போகுதோன்னு. விஷயத்தைச் சொன்னதும், மூணாவது படத்துல ஒரு கோணம் தப்பா இருக்கும், திருத்தி அனுப்புறேன், அப்புறம் போடுங்கன்னு சொல்லியிருக்கார். புதுப் பதிப்புல எல்லாப் பக்கத்தோட அடியிலயும் பேர் வருது. பதினாலாம் பக்கத்துல மட்டும் ரெண்டு பேர்.